தாராவியில் ஒரு சனிக்கிழமை

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருக்கு மாட்டுங்காவை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. பூச்சரமும் வாழையிலையும் காப்பித்தூளும் வாங்க நாம் செல்லும் இடம் அது. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால், ‘இங்கேயும் நம் ஊர் இருக்கிறது, பாருங்கள்’ என்று பெருமையோடு அழைத்துச் சென்று காட்டும் இடமும் அதுவே. அங்கிருந்து அடுத்த ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தால் தாராவி. அங்கும் தமிழர் வாழ்கின்றனர். மாட்டுங்காவின் மாடி வீடுகள் எழும்பு முன்னரே வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் பலர் இருக்கின்றனர். ஆயினும் அதனுள்ளே சென்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாம் பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் ரயிலில் அதன் ஓரமாகக் கடந்து சென்று வந்திருக்கிறோம். சென்ற ஆடி மாதம் வரையில் அதனுள் ஓரடியும் எடுத்து வைத்ததில்லை. இதனை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

போகும்படி நேர்ந்ததற்கு ஒரு நண்பரே காரணம். அவர் வயதில் மூத்தவர். வங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று மாட்டுங்காவில் வசித்து வருகிறார். புதன்கிழமை மாலையிலும் சனிக்கிழமை மாலையிலும் அவரை வீட்டில் காண இயலாது. எங்கே செல்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, “தாராவியில் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள், தம்பி. நானும் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன்” என்றார். ‘பக்கத்தில் உட்காருகிறேன்’ என்ற சொல் நமக்கு அன்று விளங்கவில்லை. நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை இரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம் என்ற எண்ணம் நம்மிடம் இருந்தது. ஆகவே அங்கே கற்றுக்கொள்வதற்காக நாம் போகவில்லை. நம் வகுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே போனோம்.

கல்யாணிலிருந்து புறப்படும் மெதுவண்டிதான் மாட்டுங்காவில் நிற்கும். விரைவு வண்டிகள் நிற்பதில்லை. அன்று நல்ல மழை. நண்பரை அழைத்துச் செல்வதற்காக மாட்டுங்காவிலேயே இறங்கினோம். 2017ஆம் ஆண்டில் நிலைய அதிகாரி முதல் டிக்கெட் பரிசோதகர் வரையில் எல்லாப் பொறுப்புகளும் பெண்களிடமே ஒப்படைக்கப்பட்டுப் பெயர் பெற்ற நிலையம் இது. வெளியே வந்தால் கோயிலும், சபாவும், பள்ளிக்கூடமுமாக நமக்குப் பழகிய தெருக்கள். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே வந்து சேர்ந்த நம்மவர்கள் வீட்டை அடுத்து எண்ணியது பிள்ளைகளின் படிப்பையே. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் இங்கேதான் தோன்றியது. பள்ளியாகத் தொடங்கிய அது பின்னர்க் கல்லூரிகளும் கண்டது. அதில் படித்துப் பெரிய உத்தியோகங்களுக்குச் சென்றவர்கள் பலர். குடியேறியவர்கள் தம் பிள்ளைகளுக்காகத் தாமே முன்வந்து செய்த அறங்களுள் அதற்குச் சிறப்பிடம் உண்டு.

நண்பரோடு மீண்டும் வண்டியேறி அடுத்த நிலையமாகிய சயானில் இறங்கி மேற்குப் புறமாக வெளியேறினோம். சிறிது தொலைவில் தொண்ணூறு அடிச் சாலை. சாலையின் இருபுறமும் கடைகள். கடைகளின் இடையிடையே சந்துகள். சந்துகளுக்குள் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில் பல இலட்சம் மக்கள். ஆதியில் இது கோலி மீனவர்களின் ஊர். பின்னர் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து குயவர்கள் வந்து கும்பார்வாடாவை ஏற்படுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் வந்து குடியேறினர். உத்தரப் பிரதேசத்திலிருந்து தையல், சித்திரத் தையல் தொழிலாளர் வந்தனர். மும்பைத் தெருக்களில் காலை வேளையில் நாம் வாங்கி உண்ணும் இட்டிலியில் பெரும்பகுதி தாராவித் தமிழ் வீடுகளில் விடியுமுன் அவிக்கப்படுவது என்பதைச் சிலரே அறிவர். சந்துகளில் திருநெல்வேலித் தமிழ் காதில் விழுந்தபோது, மழையில் நனைந்து நின்ற நமக்கு ஒரு கணம் பாளையங்கோட்டை நினைவு வந்தது.

நாம் சென்ற இடம் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடி. ஏணி போன்ற செங்குத்தான இரும்புப் படிகளில் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். நண்பர் எழுபது வயதில் அதில் ஏறியதைக் கண்டு நமக்கு நாணமாக இருந்தது. மேலே பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஓர் அறை. தகரக் கூரையின்மேல் மழை கொட்டும் ஓசையில் ஒருவர் பேசுவது மற்றொருவருக்குக் கேட்கவில்லை. தரையில் பாய் விரித்து இருபது குழந்தைகள் அமர்ந்திருந்தனர். கரும்பலகை ஒன்று, எழுத்து அட்டைகள் நிறைந்த ஒரு பெட்டி, கயிற்றில் துணி உலர்த்துவதுபோல் தொங்கவிடப்பட்ட சிறு கதைப் புத்தகங்கள். இவையே அங்கிருந்த உடைமைகள்.

கற்பிப்பவள் இருபது வயதுப் பெண். அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள். தாய் இட்டிலி அவித்து விற்பவர். காலையில் கல்லூரி, மாலையில் இந்த வகுப்பு. குழந்தைகள் அவளைத் ‘தாயி’ என்று அழைத்தனர். மராத்தியில் தாயி என்றால் அக்காள். நம் செவிக்கு அது தாய் என்றே ஒலித்தது; அதுவும் பொருத்தமாகவே இருந்தது. குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். ஏனையோர் மராத்தி, உருது, இந்தி பேசும் வீட்டினர். வகுப்பு இந்தியில் நடந்தது. அந்தப் பெண் ஒரு குழந்தைக்குத் தமிழிலும், அடுத்த குழந்தைக்கு மராத்தியிலும் விளக்கம் சொல்லிக்கொண்டே போனாள்.

இந்த மொழிச் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருவது. வேறெந்த நகரிலும் எளிதில் காண இயலாத பெருமை இது. ஆயினும் தாராவியின் தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, கடைப் பலகையில் ஆங்கிலம். பெற்றோர் தமக்குத் தோன்றியபடி ஏதோ ஒரு மொழிப் பள்ளியில் சேர்க்கின்றனர். வீட்டில் அம்மொழியை அறிந்தவர் எவருமில்லை. குழந்தை நான்கு மொழிகளையும் தடையின்றிப் பேசுகிறது. ஆகவே அதற்குப் படிப்பு வருகிறது என்றே எல்லோரும் நம்பிவிடுகின்றனர். அந்த நான்கில் எந்த மொழியிலும் நான்கு வரிகளைப் படிக்க இயலாமல் அது ஐந்தாம் வகுப்பு வரையில் வந்துவிடுவது வெளியே தெரிவதில்லை.

அதற்கு எடுத்துக்காட்டு அன்றே கிடைத்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் புதிதாக வந்திருந்தான். தன் பள்ளிப் பாடப் புத்தகத்தைத் திறந்து முழுப் பக்கத்தையும் கணீரென்று ஒப்பித்தான். ‘நன்றாகப் படிக்கிறானே, இவனுக்கு இங்கே என்ன வேலை?’ என்று நாம் எண்ணினோம். அந்தப் பெண் புன்னகையோடு புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு, ஒரு தாளை அவன் முன் வைத்தாள். அதில் நான்கு பகுதிகள் இருந்தன. முதலாவது தனி எழுத்துகள். இரண்டாவது எளிய சொற்கள். மூன்றாவது முதல் வகுப்பு அளவில் நான்கு வாக்கியம் கொண்ட ஒரு பத்தி. நான்காவது இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. முதலில் பத்தியைக் கொடுத்தாள். சிறுவன் தாளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், நம்மைப் பார்த்தான். பின்னர் சொற்களைக் கொடுத்தாள். ஐந்து சொற்களில் நான்கைச் சரியாகப் படிக்க வேண்டும் என்பது கணக்கு. அவன் இரண்டைப் படித்தான். எழுத்துகளை மட்டும் தடுமாறாமல் சொன்னான். “எழுத்து தெரிந்திருக்கிறது சார். இரண்டு, மூன்று மாதத்தில் கொண்டுவந்துவிடலாம்” என்று அவள் தமிழில் நம்மிடம் கூறிவிட்டு, அவனை எழுத்து அறிந்தோர் குழுவில் அமர்த்தினாள். அக்குழுவில் அவனுக்கு அடுத்து இருந்தவள் ஏழு வயதுச் சிறுமி.

நாம் ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் எழுத்தராகப் பணி புரிபவர். அந்தச் சிறுவனின் முகத்தை இதற்கு முன்னரும் கண்டிருக்கிறோம். டிக்கெட் வாங்க வருவோர் ஒரு படிவத்தில் வண்டி எண், நாள், பெயர், வயது முதலியவற்றை நிரப்பித் தர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தகப்பனார் பள்ளிச் சீருடையிலுள்ள மகனை முன்னே தள்ளி, ‘இவன் ஆறாவது படிக்கிறான், இவனே எழுதுவான்’ என்று பெருமையோடு சொல்வார். பையன் படிவத்தைப் பார்த்து நிற்பான். வரிசை பின்னால் முணுமுணுக்கும். முடிவில் வரிசையில் நிற்கும் யாரோ ஒருவர் அதை வாங்கி எழுதித் தருவார். தகப்பனார் மகனைப் பார்க்கும் பார்வையை நாம் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பலமுறை கண்டிருக்கிறோம். பையன் சோம்பேறி என்றே எண்ணி வந்தோம். அவனுக்குப் படிக்க வராது என்பதை அவனைத் தவிர எவரும் அறிந்திருக்கவில்லை என்பது தாராவியில்தான் நமக்குப் புலனாயிற்று.

நாம் கண்ட முறை ஒருவர் திடீரென்று கண்டுபிடித்ததன்று. அது இந்நகரிலேயே வளர்ந்தது. மாதவ் சவான், ஃபரீதா லாம்பே ஆகியோர் தோற்றுவித்த ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் 1995இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தன் பணியைத் தொடங்கியது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான பால்வாடிகளே முதற்பணி. கட்டடம் கட்டப் பணம் தேடாமல், கோயில் திண்ணை, வீட்டு முன்னறை, சங்க அலுவலகம் என்று கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது. அப்பகுதிப் பெண்களே கற்பித்தனர். பின்னர் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகப் ‘பால்சகி’ என்ற ஏற்பாடு வந்தது. குழந்தையின் தோழி என்பது அதன் பொருள். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு இரண்டு வாரம் பயிற்சி. பின்னர் ஏறத்தாழ இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்தல். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்கள் 2001 முதல் 2003 வரையில் மும்பையிலும் வடோதராவிலும் இதனைச் சோதித்துப் பார்த்தனர். எல்லோரையும்விடப் பின்தங்கியிருந்த பிள்ளைகளே மிகுதியாக முன்னேறினர் என்று கண்டனர். அவ்விருவரும் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். பத்தாம் வகுப்பு மட்டுமே தேறிய நமக்கு இச்செய்தி தந்த உவகையைச் சொல்லி முடியாது. படிக்கக் கற்பிப்பதற்குப் பட்டம் வேண்டும் என்று எண்ணி ஒதுங்கியிருப்பவர்கள் இதனைக் கருத வேண்டும்.

அந்த நான்கு பகுதித் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. ‘அஸர்’ என்ற பெயரில், தாக்கம் என்ற பொருளில், 2005 முதல் நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் படிப்பை அளந்து பார்க்கின்றனர். அளப்பவர்களில் கல்லூரி மாணவர்களும் உள்ளூர்த் தொண்டர்களும் மிகுதி. தாள் அந்தந்த மாநில மொழிகளில், தமிழிலும், அச்சாகிறது. ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க வல்லவர்கள் 2018இல் நூற்றுக்கு 50.5 பேர், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2022இல் 42.8 பேர், 2024இல் 48.8 பேர். பள்ளியில் பெயர் பதிவாகாத குழந்தைகள் இன்று மிகச் சிலரே. 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையில் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. பள்ளியின் வாயில் திறந்துவிட்டது. உள்ளே சென்றவர்களில் பாதிப் பேர் இன்னும் புத்தகத்தின் வாயிலில் நிற்கின்றனர்.

இனி வகுப்பறைக்குத் திரும்புவோம். அங்கே வயதையோ வகுப்பையோ கேட்பதில்லை. எழுத்து அறியாதோர் ஒரு குழு, எழுத்து அறிந்தோர் ஒரு குழு, சொல் படிப்போர் ஒரு குழு, பத்தி படிப்போர் ஒரு குழு. முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கேட்கின்றனர். விரல் வைத்துத் தொடர்கின்றனர். பின்னர் ‘பாராகடி’ அட்டவணை. நம் உயிர்மெய் அட்டவணையைப் போன்றதே அது. குழந்தைகள் அதனை வரிசையாக ஒப்பிப்பதில்லை. குறுக்கே, நெடுக்கே, இடையில் என்று அந்தப் பெண் கோல் வைத்த இடத்தைப் படிக்கின்றனர். அடுத்து எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பிச் சொல் கூட்டும் விளையாட்டு. தவறு செய்த குழந்தையை எவரும் அதட்டவில்லை. ஒரு சிறுமி நாயின் பெயரை எழுதுவதற்குப் பூனையின் பெயரை எழுதிவிட்டாள், அறை முழுதும் சிரித்தது, அவளும் சிரித்தாள்.

நண்பர் ‘பக்கத்தில் உட்காருகிறேன்’ என்றதன் பொருள் இப்போது விளங்கிற்று. கதை முடிந்து குழுக்கள் பிரிந்ததும், அவர் மூலையில் இரண்டு குழந்தைகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து அமர்ந்தார். அவருக்கு இந்தி எழுத்துகள் சுமாராகவே தெரியும். குழந்தை ஒவ்வொரு சொல்லாகப் படிக்கும், அவர் கேட்பார், தடுமாறினால் பொறுத்திருப்பார், மீண்டும் படிக்கும். ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது பத்துச் சொற்கள்கூட இராது. “வீட்டிலே இவன் படிப்பதைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை, தம்பி. நமக்கு நேரம் இருக்கிறது. இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை” என்றார்.

அறையின் ஓரத்தில் ஓர் அலமாரி. அதனுள் நோட்டுப் புத்தகங்களும் பென்சில் பெட்டிகளும் நிறைந்திருந்தன. அந்தப் பெண்ணிடம் கேட்டோம். பண்டிகை நாள்களிலும் ஆண்டு விழாக்களிலும் சங்கங்கள் வந்து கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு செல்வதாகக் கூறினாள். “தருகிறவர்களைக் குறை சொல்லக்கூடாது சார். ஆனால் இந்த நோட்டு முழுவதும் எழுதுகிற அளவுக்குப் பிள்ளைகளுக்குப் படிப்பு வர வேண்டுமே. வியாழக்கிழமை எனக்குக் கல்லூரியில் தேர்வு, அன்று வந்து ஒரு மணி நேரம் உட்கார ஓர் ஆள் கிடைத்தால் போதும்” என்றாள். சென்ற ஆண்டு நம் சங்கமும் ஓரிடத்தில் நோட்டுப் புத்தகங்கள் வழங்கியது. அந்தச் செய்தியை இவ்விதழில் படத்தோடு எழுதியவர் நாமே. அன்று நாம் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

தொண்டின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2005, 2006 ஆண்டுகளில் உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு படிப்பு முகாம்கள் நடத்திச் சோதித்தபோது, முகாமுக்கு வந்த குழந்தைகள் நன்றாகத் தேறினர். ஆனால் எழுத்தே அறியாத குழந்தைகளில் வந்தவர்கள் மிகச் சிலரே. வகுப்பை நடத்தினால் மட்டும் போதாது. வராத குழந்தையின் வீட்டுக்குச் சென்று கூப்பிடவும் ஆள் வேண்டும். அன்று மழைக்குப் பயந்து வராத மூன்று குழந்தைகளைத் தேடி அந்தப் பெண் இருமுறை படியிறங்கிச் சென்றாள், இருவரோடு திரும்பினாள். மூன்றாவது குழந்தை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததாம். இதே காரணத்தை எண்ணித்தான் ‘டோர் ஸ்டெப் ஸ்கூல்’ என்னும் மற்றொரு நிறுவனம், 1988இல் மும்பையில் தொடங்கியது, 1998 முதல் ஒரு பேருந்தையே வகுப்பறையாக்கிக் குழந்தைகள் இருக்குமிடத்துக்கு ஓட்டிச் சென்றது.

திரும்பும்போது நண்பர் தம் கையால் தமிழில் எழுதிய ஒரு தாளை நம்மிடம் கொடுத்தார். எழுத்து, சொல், பத்தி, கதை என்று அதே நான்கு பகுதிகள். “உங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வைத்துப் பாருங்கள்” என்றார். நாம் மனத்துக்குள் சிரித்துக்கொண்டோம். நம் வகுப்புப் பிள்ளைகள் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மேடையில் ஒப்பித்துப் பரிசு பெற்றவர்கள் அல்லவா?

அன்றிரவு முதலில் எங்கள் மகளிடமே தாளை நீட்டினோம். அவளுக்கு ஒன்பது வயது. ஆங்கிலப் பள்ளியில் நான்காம் வகுப்பு. தமிழ் வகுப்பில் முதல் வரிசை. பத்தியில் முதற் சொல்லைப் படித்தாள். இரண்டாவது சொல்லில் நின்றாள். ஆத்திசூடிப் புத்தகத்தை எடுத்து நடுவில் ஒரு வரியில் விரல் வைத்து, ‘இது என்ன?’ என்று கேட்டோம். அவள் முதல் வரியிலிருந்து தொடங்கி விரைந்து ஒப்பித்துக்கொண்டே வந்து, விரல் இருந்த வரியைத் தாண்டிச் சென்றுவிட்டாள். வீட்டில் என் மனைவியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். எவரும் பேசவில்லை. குழந்தை மட்டும், ‘தப்பாகச் சொன்னேனா, அப்பா?’ என்று கேட்டாள். தவறு அவளுடையதன்று என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் விழித்தோம்.

அடுத்த ஞாயிறன்று வகுப்பிலுள்ள பதினான்கு பிள்ளைகளையும் ஒவ்வொருவராக அமர்த்திக் கேட்டோம். பத்தியைப் படித்தவர் நால்வர். கதையைப் படித்தவர் ஒருவர். அவளுக்குப் பாட்டி வீட்டில் இருக்கிறார். ‘நம் பிள்ளைகள் தமிழைத் திறம்படக் கற்று வருகின்றனர்’ என்று சென்ற ஆண்டறிக்கையில் எழுதிய கை இதுவே. இரண்டு ஆண்டுகளாக நாம் செய்ததெல்லாம் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. தாராவிக் குழந்தையையும் நம் குழந்தையையும் வேறுவேறாக எண்ணியிருந்தோம். பாடத்தைப் பாராமல் ஒப்பிக்கும் திறமையில் இருவரும் ஒன்றே. வேறுபாடு ஒன்று உண்டு: நம் பிள்ளைக்கு ஆங்கிலமேனும் படிக்க வரும், தாராவிப் பிள்ளைக்கு அதுவுமில்லை. அங்கே ஒருத்தி அதனை உண்மையாக அளந்து பார்த்துச் சரிசெய்து வருகிறாள். இங்கே நாம் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

வகுப்பை வயதுப்படி அமைப்பதை விட்டுப் படிக்கும் அளவுப்படி அமைத்தோம். எதிர்ப்பு வராமல் இல்லை. “என் பையன் ஏழாம் வகுப்பு. அவனைப் பொடிப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அவன் மனம் என்ன பாடுபடும்?” என்று ஒரு தகப்பனார் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அதற்கு ஒரு வழி செய்தோம். அந்தப் பையனிடம் எழுத்து அட்டைகளைக் கொடுத்துச் சிறுவர்களுக்கு விளையாட்டு நடத்தச் சொன்னோம். அட்டையைக் காட்டுபவன் அட்டையைப் படித்தாக வேண்டுமல்லவா? மார்கழிக்குள் அவன் பத்தி படிப்போர் குழுவுக்கு வந்துவிட்டான். எங்கள் மகள் சென்ற வாரம் ஊரிலிருந்து அவள் பாட்டி எழுதிய கடிதத்தைத் தானே எடுத்துப் படித்தாள். முழுதும் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று. இடையில் நாம் உதவ முற்பட்டபோது, ‘பேசாமல் இருங்கள், அப்பா’ என்றாள். இரண்டு குடும்பங்கள் மட்டும் வகுப்பிலிருந்து விலகிக்கொண்டன. இவ்வாண்டு விழாவில் ஒப்புவித்தல் போட்டி இல்லை என்பது அவர்களுக்கு மனக்குறை. அவர்கள் மீண்டும் வர வேண்டும் என்று இதன் வாயிலாகவும் கேட்டுக்கொள்கிறோம்.

‘தமிழ்ச் சங்கத்தார் தாராவியில் இந்தி சொல்லிக்கொடுப்பானேன்?’ என்று ஓர் அன்பர் வினவினார். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் தமிழும் படிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. அந்த மாடியறையில் சனிக்கிழமைகளில் கடைசி அரைமணி நேரம் இப்போது தமிழ்த் தாளும் விரிக்கப்படுகிறது. ஆயினும் ஒரு குழந்தை பள்ளியில் நாள்தோறும் எந்த மொழிப் புத்தகத்தின் முன் திகைத்து அமர்ந்திருக்கிறதோ, அதில் அதற்கு முதலில் வழி திறந்துவிடுவதே அறம். ஒரு மொழியில் எழுத்தைக் கூட்டிப் பொருள் கண்ட குழந்தைக்கு மற்றொரு மொழியும் எட்டிவிடும். மேலும் நாம் இந்நகரின் உப்பைத் தின்று வாழ்பவர்கள். நம் முன்னோர் மாட்டுங்காவில் தம் பிள்ளைகளுக்காகப் பள்ளி எழுப்பினர். அடுத்த நிலையத்தில் உள்ள பிள்ளைகளுக்காக நாம் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. பாயில் இடம் இருக்கிறது.

இப்போது நாம் இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை சென்று வருகிறோம். முறைப்பணி மாறும் வாரங்களில் இயலவில்லை. அன்று கூரையைப் பார்த்து விழித்த அந்தச் சிறுவன் சென்ற மாதம் கதையின் முதற் பாதியைப் படித்தான். பிற்பாதியை அடுத்த முறை படிப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஆகவே அடுத்த முறை போகாமல் இருக்க நம்மால் இயலாது. தொண்டில் நாம் கண்ட சூட்சுமம் இது ஒன்றே.

வாசக அன்பர்களிடம் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, இவ்விதழைப் படித்து முடித்ததும் இதன் ஏதேனும் ஒரு பக்கத்தில் நான்கு வரிகளை உங்கள் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படித்தால் மகிழுங்கள், படிக்காவிட்டால் கோபிக்காதீர்கள், ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்புக்கு அனுப்புங்கள். இரண்டாவது, வாரத்தில் ஒரு மணி நேரம் தர இயன்றவர்கள், பத்தாம் வகுப்பே படித்திருந்தாலும், இல்லத்தரசிகளானாலும், ஓய்வு பெற்றவர்களானாலும், சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒரு நாள் வந்துவிட்டு நின்றுவிடுவதானால் வர வேண்டாம். குழந்தைகள் மறுவாரம் படியைப் பார்த்துக்கொண்டிருக்கும். தொடர்ந்து வர இயலுமானால், சயான் நிலையத்தின் மேற்கு வாயிலில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நண்பர் குடையோடு காத்திருப்பார்.